வேளை தவறாத கணினி

ஒலி ஒரு மந்தமான பிரயாணி. திருவிழா இரவுகளிலே கோயிலை நோக்கி நடந்து செல்வோர் இதனை நன்கறிவர். வீதியோரத்து மரங்களிலே கட்டப்பெற்ற ஒலிபெருக்கிகள் யாவும் ஒரே நாதஸ்வர இசையை ஒரே கணத்தில் வெளிவிடுகின்றன. எனினும் அண்மையிலுள்ளதன் ஒலி முன்னும், சேய்மையிலுள்ளதன் ஒலி பின்னுமாக வந்து எம் செவியிற் சேர்கின்றன. எமது நாட்டின் வெப்பமான காற்றிலே ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 350 மீற்றர் தூரம் செல்லும். ஆகவே ஒரு மில்லிசெக்கனில், அஃதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு கூற்றில், அது கடக்கும் தூரம் ஓரடிக்குச் சற்றே அதிகமாகும்.

இச்சிறு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், இசைவாணர் ஏன் நெருங்கி அமர்கின்றனர் என்பது விளங்கும். நாதஸ்வரக்காரருக்கும் தவிற்காரருக்கும் இடையே பத்தடி தூரம் இருப்பின், ஒருவர் ஒலி மற்றவரை அடைய ஒன்பது மில்லிசெக்கன் வரை ஆகும். அதனால் எவருக்கும் இடையூறு நேர்வதில்லை. அவர்களையே எழுபதடி விலக்கி நிறுத்தி, ஒருவரையொருவர் பாராது செவியை மட்டும் நம்பி வாசிக்கச் சொன்னால், இருவரும் பெரு வித்துவான்களாயினும் தாளம் தள்ளாடத் தொடங்கும். கலைஞரின் திறமையிற் குறைவில்லை. இடையிலுள்ள தூரமே அவர்களைப் பிரித்துவிடுகின்றது. கணினியினூடாக இசைக்க முற்படுவோர் இத்தூரத்தைக் கண்ணாற் காண்பதில்லை. அவர்கள் முன்னே மேசைமீது இருக்கும் பெட்டி, ஒலியைப் பொறுத்தவரை, எழுபதடிக்கு அப்பாலும் இருத்தல் கூடும்.

இதனை நாம் நூலிற் படித்து அறிந்ததோடு எமது வீட்டிலும் கண்டோம். எமது அன்னையாருக்கு வயது 78. அவர் பிறந்த ஊர்க் கோயிலிலே ஊஞ்சற் பாட்டுக்களைப் பாடும் மெட்டுக்கள் சில அவருக்குக் கேள்வியாற் பாடமானவை. பாட்டின் சொற்கள் அச்சிலே கிடைக்கும். மெட்டோ எங்கும் எழுதப்படவில்லை. அவரோடு சேர்ந்து பாடிய பெண்களுட் பலர் இன்றில்லை. குரல் தளருமுன் அவற்றைப் பதிந்துவைத்தல் வேண்டும் என்பது எமது விருப்பம்.

ஆர்மோனியம் பயிலும் எமது மகள், பதின்மூன்று வயதினள், அப்பம்மாவுக்குத் துணையாக வாசிக்க முன்வந்தாள். வீட்டிலிருந்த பழைய ஆர்மோனியம் துருத்தி கிழிந்து கிடந்தமையால், சிறியதொரு மின் கட்டைப்பலகையை மடிக்கணினியோடு இணைத்தோம். அப்பலகைக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அது அறிவிக்கும். ஆர்மோனிய ஒலியை எழுப்புவது கணினியினுள் உள்ள மென்பொருளே. அவ்வொலியை இருவரும் செவியிற் பூட்டிய கேட்பொறியின் வழியே கேட்டனர்.

பாட்டு தொடங்கிற்று. இரண்டாம் அடியிலேயே அன்னையார் நிறுத்திவிட்டார். “ஏன் மோனை, பிந்திப் பிந்தி வாசிக்கிறாய்?” என்றார். “நான் பிந்தேல்லை அப்பம்மா, பெட்டிதான் பிந்துது” என்றாள் சிறுமி. மீண்டும் தொடங்கினர். இம்முறை நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. பிந்திவரும் ஆர்மோனியத்துக்காக அன்னையார் குரலைச் சற்றே தாழ்த்திக் காத்தார். அவர் காத்ததனால் மகளும் விரலைத் தாழ்த்தினாள். ஒருவர்க்காக ஒருவர் காத்துக் காத்து, துள்ளி ஆட வேண்டிய ஊஞ்சல் காற்றில்லா நேரத்துத் தொட்டில் போலத் தேய்ந்து நின்றது. “எனக்குத் தாளம் வராது” எனக் கூறி மகள் பலகையை மூடிவிட்டாள்.

ஒரு பிள்ளை தன் கைமேல் வைத்திருந்த நம்பிக்கையை ஓர் இயந்திரம் குலைத்துவிட்டது. அத்தோடு, நாளை கேட்க முடியாத மெட்டுக்கள் இன்றும் பதியப்படாமற் போகும் நிலை வந்தது. புதிய கணினி வாங்கினால் எல்லாஞ் சரியாகும் என்றார் கடைக்காரர் ஒருவர். அவர் கூறிய விலை எமது ஊதியத்துக்கு எட்டாதது. விலை எட்டியிருப்பினும் அந்த மருந்து இந்த நோய்க்கு உரியதா என்பதை முதலில் அறிதல் நன்று எனக் கருதினோம்.

நோயின் இயல்பைக் கூற எமது தோட்டங்களையே உவமையாகக் கொள்ளலாம். முன்னாளிலே துலா மிதித்து நீர் இறைத்த காட்சியை முதியோர் மறந்திரார். பட்டை ஒவ்வொன்றாகவே மேலே வரும். நீரோ வாய்க்காலில் இடையறாது ஓடும். பட்டைக்கும் பட்டைக்கும் இடைவெளி இருந்தும் ஓட்டம் அறாதிருத்தற்குக் காரணம் கிணற்றடித் தொட்டியிலே தேங்கி நிற்கும் நீராகும். கணினியும் இவ்வாறே ஒலியை இறைக்கின்றது. அதனுள்ளே ஒலி எண்களாக உளது. செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்பது வழக்கிலுள்ள அளவுகளுள் ஒன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கச் செயலிக்கு அவகாசமில்லை. ஆதலின் ஒரு தொகுதியைச் சேர்த்து, ‘பபர்’ எனப்படும் தொட்டியிலே கவிழ்த்துவிட்டு, அது வற்றுமுன் அடுத்த தொகுதியோடு மீள்கின்றது.

எமது மடிக்கணினி 1,024 மாதிரிகள் கொள்ளும் பட்டைகள் மூன்றை நிரப்பி வைத்தே வேலை செய்துகொண்டிருந்தது. மூன்றின் கூட்டுத்தொகை 3,072. அதனை 48,000 ஆற் பிரித்தால் வருவது 64 மில்லிசெக்கன். மகள் கட்டையை அழுத்தினால், அவ்வொலி தனக்கு முன்னே தேங்கியுள்ளது யாவும் ஓடி முடியும்வரை காத்து நிற்கும். ஒலி நடையிற் கணக்கிட்டால் 22 மீற்றர், அஃதாவது எழுபதடிக்கு மேல். மகளின் விரல் எம் கண்முன்னே. அவளது ஆர்மோனியமோ தெருப் படலையிலே! சிறுமி பிந்தவில்லை, அவள் கூறியபடி பெட்டியே பிந்தியது.

அவ்வாறாயின் பட்டையைச் சிறிதாக்கலாமே எனின், அதுவே செய்யத்தக்கது. 128 மாதிரிகள் கொண்ட பட்டை மூன்று என்றால் மொத்தம் 384, தாமதம் 8 மில்லிசெக்கன், தூரம் ஒன்பதடி. ஒரே விறாந்தையில் எதிரெதிரே அமர்ந்திருப்போருக்குள்ள தூரம் அது. ஆயின் சிறு பட்டையால் இறைப்போன் அடிக்கடி இறைத்தல் வேண்டும். முன்பு செக்கனுக்கு 47 தடவை நிரப்பிய கணினி இப்பொழுது 375 தடவை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் உள்ள அவகாசம் சுமார் 2.7 மில்லிசெக்கன். அதற்குள் வரத் தவறினால் வாய்க்கால் வற்றும். இதனை லினக்ஸ் இசைவாணர் ‘எக்ஸ்ரன்’ என்பர். செவிக்கு அது நெற்பொரி பொரிவது போலக் கேட்கும். எமது கணினியில் அளவைக் குறைத்த அக்கணமே ஆர்மோனியத்தோடு பொரியும் சேர்ந்து பொரியலாயிற்று.

ஈண்டு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அப்பழைய செயலி களைத்துப்போனதனாற் பிந்தவில்லை. ஆர்மோனிய ஒலியைக் கணித்தற்கு அதன் ஆற்றலிற் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை என்பதைத் திரையிலேயே கண்டோம். பெரும்பாலான வேளைகளில் அது சும்மா இருந்தது. ஆயினும் அழைத்த அந்தக் கணத்தில் வேறோரிடத்தில் நின்றது. ஒரு மணி நேரத்தில் 375 ஐப் போலப் 3,600 மடங்கு, அஃதாவது 1,350,000 தடவை பட்டை நிரம்ப வேண்டும். அவற்றுள் ஒன்று தவறினும் பதிவிலே கறை விழும். ஏனையவை சரியாக நடந்தன என்பது பாடுவோருக்கு ஆறுதலாகாது. ஆகவே சராசரி வேகத்தை இங்கே அளந்து பயனில்லை. மிக மோசமான கணம் எத்துணை மோசமானது என்பதையே அளத்தல் வேண்டும். வேகம் விலைக்குக் கிடைக்கும். வேளை தவறாமை ஒழுங்கினாலேயே வரும்.

இவ்வொழுங்கைச் செய்தற்கு லினக்ஸ் மிகவும் இசைவானது. 1991 ஆம் ஆண்டு, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கி வைத்த இவ்வமைப்பின் உள்ளமைப்பு முழுவதும் யாவரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து கிடக்கின்றது, விலையுமில்லை. போல் டேவிஸ் என்பார் ‘ஆர்டோர்’ என்னும் ஒலிப்பதிவு மென்பொருளை ஆக்கியதோடு, இசை மென்பொருள்களை ஒன்றோடொன்று தாமதமின்றி இணைக்கும் ‘ஜாக்’ என்பதையும் உருவாக்கினார். விம் தைமான்ஸ் தொடங்கிய ‘பைப்வயர்’ அப்பணியை இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றிற் செய்கின்றது; அதன் 1.0 ஆம் பதிப்பு 2023 இல் வெளிவந்தது.

எனினும் அடிப்படைத் தடை ‘கேர்னல்’ எனப்படும் கருப்பகுதியிலேயே இருந்தது. கேர்னல் தன் வேலையொன்றில் ஈடுபட்டிருக்கும்போது, எத்துணை அவசரமாயினும், பிறர் அதனை இடைமறித்தல் பல இடங்களில் இயலாதிருந்தது. அவ்விடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தும் முயற்சியை 2004 அளவில் இங்கோ மோல்னார், தோமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் மேற்கொண்டனர். அத்திருத்தங்களின் இறுதிப் பகுதி மூலக் கேர்னலிற் சேர்க்கப்பட்டது 2024 செப்ரெம்பரில். அதனைத் தாங்கிய 6.12 ஆம் பதிப்பு அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்தது. ஆலை இயந்திரங்களுக்கும் இயந்திர மனிதருக்கும் தேவைப்பட்ட இப்பணி இசைவாணருக்கும் உதவிற்று. ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு கூற்றுக்காக இருபது ஆண்டு உழைத்தோர் இவ்வுலகில் உளர் என்பது மாணவர் அறியத்தக்கது.

எமது வீட்டிலே நாம் செய்தவை எளியவை. ஒவ்வொரு நாளும் ஒரு மாற்றமே செய்வது; அரை மணி நேரம் ஆர்மோனியத்தை ஒலிக்கவிடுவது; எத்தனை தடவை பொரிந்தது என்பதைக் கொப்பியில் எழுதுவது. இதுவே எமது விதி. பிறர் கூறிய பத்து மருந்துகளையும் ஒரே நாளில் விழுங்குவோன் நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என அறியான்.

முதலாவது, முன்னுரிமை. சாதாரணமாகக் கேர்னல் எல்லா மென்பொருளுக்கும் பாரபட்சமின்றி நேரத்தைப் பங்கிடும். அது நல்ல குணமே. ஆயின் வைத்தியசாலையில் வரிசைப்படி நோயாளரைப் பார்க்கும் வைத்தியர், விபத்தில் அடிபட்டவர் வந்தால் வரிசையை நிறுத்துவாரன்றோ? ஒலிக்கும் அத்தகைய உரிமை தேவை. லினக்ஸில் இவ்வவசர உரிமைக்கு 1 முதல் 99 வரை படிகள் உண்டு. ஒலி வேலை செய்வோரை ஒரு குழுவிற் சேர்த்து, 95 வரையிலான படிகளைப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதியளிப்பது வழக்கம். அதற்கு ஒரு கோப்பிலே ஒரு வரி எழுதினாற் போதும். அவசர உரிமை பெற்றோர் நிலைதவறிக் கணினியையே முடக்கிவிடாதபடி, கேர்னல் ஒவ்வொரு செக்கனிலும் நூற்றில் ஐந்து பங்கைப் பிறருக்கென ஒதுக்கி வைத்தலும் உண்டு. அதிகாரத்துக்கு எல்லை வகுத்த இவ்வறிவை நாம் வியந்தோம்.

இரண்டாவது, நினைவகம். இடம் போதாவிடின் கணினி சில பகுதிகளை வட்டுக்கு அனுப்பி வைக்கும். சுழலும் பழைய வட்டிலிருந்து ஒன்றை மீட்டுவரப் பத்து மில்லிசெக்கன் வரை ஆகும். எமக்குள்ள அவகாசமோ 2.7. அரைக்கும் நேரத்தில் அம்மியைத் தேடிப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவது போன்ற செயல் இது. ஒலி மென்பொருள் தன் பகுதிகளை நினைவகத்திலேயே பூட்டி வைத்துக்கொள்ள இன்னொரு வரியால் அனுமதி கொடுத்தோம். பொரியின் தொகை பாதியாயிற்று.

மூன்றாவது, உறக்கம். மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிச் செயலி வேலையற்ற வேளையிலே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அழைத்தால் விழித்து வேகங்கொள்ளச் சிறிது நேரம் எடுக்கும். ஆர்மோனியம் போன்ற சிறு வேலைக்கு அது அடிக்கடி கண்ணயர்ந்தது. பதிவு நடக்கும் வேளையில் மட்டும் வேகம் குறையாதிருக்கக் கட்டளையிட்டோம். கணினி சூடேறும், மின்கலம் விரைவில் தீரும். ஆதலின் பாட்டு முடிந்ததும் பழைய நிலைக்கு மீட்டோம்.

நான்காவது, குறுக்கீடு. கணினியோடு இணைந்த ஒவ்வோர் உறுப்பும் இடையிடையே செயலியின் கதவைத் தட்டும். யார் யார் எத்தனை தடவை தட்டினர் என்பதை லினக்ஸ் ஒரு பட்டியலாகவே காட்டும். எமது ஒலிக்கருவி செருகப்பட்டிருந்த யூ.எஸ்.பி. துளையும் வேறோர் உறுப்பும் ஒரே கதவைப் பயன்படுத்தின. கருவியை மறுபக்கத் துளைக்கு மாற்றினோம். வைபை இணைப்பைப் பதிவு வேளையில் நிறுத்தினோம். இவ்விரண்டுக்கும் ஒரு சதமேனும் செலவில்லை. பயனோ ஏனைய எல்லாவற்றினும் பெரிது. கேர்னலும் எளிதில் இடைமறிக்க இடங்கொடுக்கும்படி, கணினி தொடங்கும்போது வாசிக்கும் கட்டளை வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தோம். அதற்குப் பின்னும் அரை மணிக்கு ஒன்றிரண்டு பொரி எஞ்சின. அவை நின்றது, தானாகவே புதுப்பிப்புக்களைத் தேடியலையும் மென்பொருளொன்றை ஓய்வுகொள்ளச் செய்த பின்னரே.

சில கணினிகளில் இவை யாவும் செய்தும் பயன் கிட்டாது. தாய்ப்பலகையில் ஆக்கியோரே பதித்த கட்டுப்பாட்டு நிரல், கேர்னலுக்கும் தெரியாமற் செயலியைச் சிறிது நேரம் கவர்ந்து செல்லுதல் உண்டு. அத்தகைய கணினி வேறு வேலைக்கு நன்று, இசைக்கு ஆகாது. குரலை மட்டும் பதிவோருக்கு இத்துணைச் சிரமமும் வேண்டியதில்லை. ஒலிக்கருவியிலேயே குரலை நேரே செவிக்குத் திருப்பும் வசதி இருப்பின், பெரிய தொட்டியோடே பதியலாம். கணினியே வாத்தியமாகும்போதுதான் தாமதம் பகையாகின்றது. இவற்றை எல்லாம் ஓரளவு முன்னரே ஒழுங்குசெய்து தரும் ‘உபுண்டு ஸ்ரூடியோ’ போன்ற தொகுப்புக்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குவோர்க்கு அவை நல்ல வாயில்.

எட்டாம் நாள், 128 மாதிரி அளவிலே, ஒரு மணி நேரச் சோதனையில் வாய்க்கால் ஒருமுறையேனும் வற்றவில்லை. மறுநாள் மாலை பலகையை மீண்டும் திறக்கும்படி மகளிடம் கூறினோம். அன்னையார் பாடினார், ஊஞ்சல் ஆடிற்று. மூன்று மாலைகளில் ஒன்பது மெட்டுக்கள் பதிவாயின. நாம் செய்த மாற்றங்களைப் பற்றி அன்னையாருக்கு ஒன்றுந் தெரியாது. “இப்பதான் பிள்ளைக்குக் கை வந்திருக்கு” என்றார். மகள் எம்மைப் பார்த்துச் சிரித்தாளேயன்றி மறுத்துக் கூறவில்லை.

இம்முயற்சியால் எமக்கு விளங்கிய பொருள் இசைக்கு மாத்திரம் உரியதன்று. ஒரு கணினியிடம் அதிகபட்ச வேலையை வாங்குவதும், அது வேளை தவறாதிருக்கச் செய்வதும் ஒன்றல்ல. கேர்னலை எங்கும் இடைமறிக்கக்கூடியதாக ஆக்கினால் அது செய்யும் மொத்த வேலை சற்றே குறையும். இதனை அத்துறை வல்லுநரும் மறுப்பதில்லை. அழைத்தவுடன் வருவோன் அதற்கு முன்னே சிறிது ஓய்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு நிமிடத்தையும் ஏதேனும் ஒரு வேலையால் நிரப்பிவிட்ட இயந்திரம், எத்துணை விரைவாயினும், உண்மையில் வேண்டிய கணத்திலே வந்து நில்லாது.

எமது பிள்ளைகளின் நாளையும் பெற்றோர் ஒருமுறை இவ்வாறே பட்டியலிட்டுப் பார்த்தல் நன்று. விடியுமுன் ஒரு வகுப்பு, பாடசாலை, மாலையில் இரண்டு ரியூஷன், இரவில் வீட்டுவேலை எனப் பட்டைமேற் பட்டையாக நிரப்பிவிட்டு, பிள்ளை எதிலும் பிந்துகின்றான் எனக் குறைகூறுகின்றோம். பிந்துவதெல்லாம் ஆற்றற் குறைவினால் அன்று. குறுக்கிட்டுத் தட்டும் கதவுகளிற் சிலவற்றை மூடிவிட்டு, எது முதல் என்பதை வகுத்துக் கொடுத்தால், பழைய கணினியும் தாளத்தோடு நிற்கின்றது. பிள்ளைகளுக்கு இதனிலும் குறைவாகவா செய்வது?